தூரம் தரும் அயர்ன்: எண்ணைப் பார்க்காதீர்கள், சாய்வைக் கேளுங்கள்

வானொலி அறிவிப்பாளனிடம் நேயர்கள் பாட்டுத்தான் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். நான் கோல்ஃப் ஆடுவதாக ஒரு காலை நிகழ்ச்சியில் வாய்விட்டுச் சொன்ன நாளிலிருந்து வேறு ஒரு கேள்வி வரத் தொடங்கிவிட்டது. "அண்ணே, விலை குறைவாக, தூரம் போகிற அயர்ன் செட் எது?" கேட்பவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதை ஒட்டியவர்கள். வேலையிடத்தில் யாரோ பயிற்சித் திடலுக்கு அழைத்துப் போயிருப்பார்கள். கை அரிப்பு பிடித்துக்கொண்டிருக்கும். வீட்டுக் கடன், கார் தவணை, பிள்ளையின் பாலர் பள்ளிக் கட்டணம் எல்லாம் போக மிஞ்சுவதில் ஒரு செட் வாங்க வேண்டும்.

கோல்ஃப் நமக்குப் புதிய விளையாட்டு அல்ல. இன்றைய ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் 1893இல் தொடங்கியது. அந்தக் காலத்திலிருந்து இந்நாட்டுத் திடல்களில் புல் வெட்டியவர்களிலும் பை சுமந்தவர்களிலும் தமிழர்கள் நிறையப் பேர். எம். ராமையா, பி. குணசேகரன் போன்றவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களாகப் பெயர் வாங்கினார்கள். என் தாய்மாமாவும் பதினான்கு வயதில் கேடியாகப் போனவர்தான். யாரோ கொடுத்த பழைய மட்டைகளை வைத்தே ஆடக் கற்றுக்கொண்டார். இன்று அவருக்கு 67 வயது. "இந்த வருசத்தோட போதும்டா. மத்தவங்க ரெண்டு அடியில கிரீனுக்குப் போறாங்க. நான் மூணு அடி அடிச்சும் போய்ச் சேரல. எனக்காக நிக்கிறாங்க, பாக்கவே சங்கடமா இருக்கு" என்று சில மாதங்களுக்கு முன்பு சொன்னார்.

அதனால் இந்தத் தேடல் எனக்காக மட்டும் இல்லை. ஆளுக்கு 2,500 ரிங்கிட் என்று வரம்பு வைத்துக்கொண்டு நானும் மாமாவும் கடை கடையாக ஏறி இறங்கினோம். தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறேன்.

எண் அதே எண்தான், சாய்வு வேறு

'தூரம் தரும் அயர்ன்' என்று விற்கப்படும் எதையும் எடை போடுவதற்கு முன் ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும். மட்டையின் முகம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதே பந்து எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. சாய்வு குறைந்தால் பந்து தாழ்வாக, வேகமாக, தூரமாகப் போகும்.

ஒரு தலைமுறைக்கு முன் 7ஆம் எண் அயர்ன் என்றால் சாய்வு ஏறக்குறைய 35 டிகிரி. தொழில்முறை ஆட்டக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்யப்படும் டைட்லிஸ்ட் டி100இல் அது இன்றும் 34 டிகிரிதான். தூரத்துக்கென்றே செய்யப்பட்ட செட்டுகளைப் பாருங்கள். மிசுனோ ஜேபிஎக்ஸ் 921 ஹாட் மெட்டலில் 7ஆம் எண் 29 டிகிரி. டெய்லர்மேட் ஸ்டெல்த்தில் 28. கால்லவே மாவ்ரிக்கில் 27. அதாவது பழைய செட்டின் 6ஆம் எண், சில சமயம் 5ஆம் எண், இன்று 7 என்ற முத்திரையோடு கடையில் தொங்குகிறது.

இதை ஏமாற்று என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. புதிய மட்டைகளில் எடையைத் தலையின் அடிப்பகுதிக்கும் ஓரங்களுக்கும் தள்ளிவிடுகிறார்கள். அதனால் பந்து எளிதில் மேலே எழும்புகிறது. சாய்வைக் குறைக்காவிட்டால் அது வானத்தைப் பார்த்துப் போய்விடும். ஆக, சாய்வுக் குறைப்பில் பாதி பொறியியல், பாதி வியாபாரம்.

ஓரங்களுக்கு எடையைப் பிரித்து வைக்கும் யோசனையைப் பரவலாக்கியவர் பிங் நிறுவனத்தைத் தொடங்கிய பொறியியலாளர் கார்ஸ்டன் சோல்ஹைம். மட்டையின் நடுவில் படாமல் விளிம்பில் பட்டாலும் தலை அதிகம் திரும்பாது, பந்து அதிகம் விலகாது என்பதே அதன் பயன். அதற்குப் பிறகு மெல்லிய, வலுவான எஃகு முகம் வந்தது. உட்குழிவான தலை வந்தது. டெய்லர்மேட் பி790 போன்றவற்றில் அந்தக் குழிவுக்குள் நுரை போன்ற பொருளை நிரப்பினார்கள். முகம் மெல்லியதாக இருந்தால் பந்து பட்டதும் சற்றே உள்வாங்கித் திரும்பத் தள்ளும். வேகம் கூடும்.

பத்துப் பந்துச் சோதனை

பந்தின் வேகத்தையும் பறக்கும் தூரத்தையும் அளக்கும் கருவி வைத்திருக்கும் ஒரு கடையில் மூன்று 7ஆம் எண் மட்டைகளை அடித்துப் பார்த்தோம். முதலாவது, என்னுடைய பழைய செட், 34 டிகிரி. இரண்டாவது, ஐந்து வருடம் பழகிய தூர ரக அயர்ன், 28.5 டிகிரி, எஃகுத் தண்டு. மூன்றாவது, புதிய சிக்கன விலை செட், 30 டிகிரி, அகலமான அடிப்பகுதி, எடை குறைந்த கிராஃபைட் தண்டு. ஒவ்வொன்றிலும் பத்துப் பந்து. சரியாகப் படாத அடியையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது மாமா போட்ட நிபந்தனை. "திடல்ல தப்பான அடிய யாரும் அழிச்சிட்டு அடிக்க விடமாட்டாங்க" என்றார். கேடியாக இருந்தவரின் கணக்கு அது.

எனக்குப் பந்து காற்றில் பறந்த சராசரித் தூரம் முதல் மட்டையில் 126 மீட்டர், இரண்டாவதில் 138, மூன்றாவதில் 136. இதோடு நிறுத்தினால் இரண்டாவதுதான் வெற்றி. கடைக்காரரும் அதைத்தான் பையில் போடப் பார்த்தார்.

பிறகு என் பழைய செட்டின் 6ஆம் எண்ணை எடுத்தேன். அதன் சாய்வு 30.5 டிகிரி. சராசரி 134 மீட்டர் வந்தது. புதிய மட்டை எனக்குத் தந்த பத்து மீட்டரில் எட்டு மீட்டர் ஏற்கெனவே என் பையில் இருந்தது, 6 என்ற எண்ணோடு!

அப்படியானால் புதியதற்கு ஏன் பணம்? குட்டையாக விழுந்த அடிகளைப் பாருங்கள். என் 6ஆம் எண்ணில் ஆக மோசமான அடி 119 மீட்டரில் விழுந்தது. இரண்டாவது மட்டையில் 121. மூன்றாவதில் 127. என் நல்ல அடி எதிலும் பெரிதாக நீளவில்லை. மூன்றாவது மட்டை என் கெட்ட அடியைத்தான் காப்பாற்றியது. வார இறுதியில் மட்டும் ஆடுகிற நம்மைப் போன்றவர்களுக்குத் தண்ணீர்க் குழியைத் தாண்டுவதா, பந்தை அதற்குள் காணிக்கையாகப் போடுவதா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கெட்ட அடிதான்.

மாமாவின் கணக்கு இன்னும் சுவையானது. முதல் மட்டையில் அவர் சராசரி 98 மீட்டர். சாய்வு ஆகக் குறைந்த இரண்டாவதில் 104. அதைவிடச் சாய்வு கூடிய மூன்றாவதில் 108! காரணம் எளிது. மட்டையை மெதுவாகச் சுழற்றுபவர் சாய்வு குறைந்த மட்டையால் அடித்தால் பந்துக்குப் போதிய உயரம் கிடைக்காது. எழும்புவதற்குள் விழுந்துவிடும். எஃகுத் தண்டு 100 கிராமுக்கு மேல் போகும். கிராஃபைட் 60, 70 கிராமிலேயே கிடைக்கும். அந்த எடைக் குறைவில் அவருடைய கையும் கொஞ்சம் வேகமாகச் சுழன்றது. 'சாய்வு குறைந்தால் தூரம் கூடும்' என்ற விதி எல்லார் கைக்கும் பொருந்தாது. வயதான பெற்றோருக்கோ, புதிதாகக் கற்கும் மனைவிக்கோ வாங்குபவர்கள் இதை மறக்க வேண்டாம்.

நம் ஊர்ப் புல், நம் ஊர் மழை

அமெரிக்க இதழ்களில் வரும் ஒப்பீடுகளை அப்படியே நம்பி வாங்க முடியாது. நம் திடல் வேறு. பல இடங்களில் ஃபேர்வே முழுக்க அகலமான இலையுள்ள மாட்டுப்புல். மாலை மழைக்குப் பிறகு தரை ஊறிக் கிடக்கும். விழுந்த பந்து உருளாது. சில நேரம் அப்படியே புதைந்து நிற்கும். ஆகவே நமக்கு முக்கியம் பந்து காற்றில் கடக்கும் தூரம். உருளும் தூரத்தையும் சேர்த்துக் காட்டும் மொத்தக் கணக்கு நம் ஊரில் பாதி நாள் பலிக்காது.

அகலமான அடிப்பகுதி ஈரமான புல்லில் மண்ணுக்குள் கொத்தாமல் வழுக்கிக்கொண்டு போகும். கடையில் விரிப்பின் மேல் அடிக்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது. முடிந்தால் புல்லில் அடித்துப் பார்க்கக் கேளுங்கள்.

பந்து கிரீனில் இறங்கும் கோணத்தையும் கவனியுங்கள். தூர ரக அயர்னில் பந்துக்குச் சுழற்சி குறைவு. தாழ்வாக வந்து இறங்கும். மழைக்காலத்தில் மெத்தென்ற கிரீனில் அது நின்றுவிடும். வெயில் அடித்துத் தரை இறுகிய வாரத்தில் முன்னால் விழுந்து பின்னால் ஓடிவிடும். கருவியில் எனக்கு இரண்டாவது மட்டை 42 டிகிரியில் இறங்கியது, மூன்றாவது 45 டிகிரியில். என் கை மூன்றாவது பக்கம் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, கைப்பிடி. நம் வியர்வைக்கும் புழுக்கத்துக்கும் ரப்பர் சீக்கிரம் வழுக்கத் தொடங்கிவிடும். பழகிய செட் வாங்கினால் எல்லா மட்டைக்கும் கைப்பிடி மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கீழே திறக்கும் ஓட்டை

7ஆம் எண் மட்டும் பலமாக்கப்படுவதில்லை. செட் முழுவதும் அப்படித்தான். பிங் ஜி430இல் பிட்சிங் வெட்ஜின் சாய்வு 41 டிகிரி. மாவ்ரிக்கிலும் அதே 41. மணற்குழிக்கென நாம் வைத்திருக்கும் வெட்ஜ் வழக்கமாக 56 டிகிரி. இரண்டுக்கும் நடுவில் 15 டிகிரி வெற்றிடம். பழைய செட்டில் பிட்சிங் வெட்ஜ் 46, 47 டிகிரியில் இருந்ததால் இந்தத் தொல்லை இல்லை.

அந்த வெற்றிடம் கிரீனுக்கு அருகில், 70 முதல் 95 மீட்டருக்குள் உங்களைக் கைவிடும். நாம் அதிகம் தடுமாறும் இடமே அதுதான். அதை அடைக்க 48 அல்லது 50 டிகிரியில் இன்னொரு வெட்ஜ் வேண்டும். பையில் 14 மட்டைதான் இருக்கலாம் என்பது விதி, இடம் இருக்கலாம். பணம்? 'மலிவு' என்று எழுதிய விலைக்குள் இந்த வெட்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அந்த செட் மலிவு இல்லை.

மேல் பக்கமும் இதே கதை. சாய்வு 20 டிகிரியை ஒட்டிய 4ஆம் எண் அயர்னை மிதமான வேகத்தில் ஆடுபவர்களால் எழுப்பவே முடியாது. அதற்குப் பதில் ஒரு ஹைபிரிட் போதும். மாமா 6ஆம் எண்ணிலிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை ஐந்து மட்டையும், ஒரு ஹைபிரிட்டும், 50 டிகிரி வெட்ஜும் எடுத்துக்கொண்டார். மட்டை குறைந்ததால் செலவும் குறைந்தது. வரம்புக்குள்ளேயே முடிந்தது.

எங்கே தேடுவது

புகழ்பெற்ற நிறுவனங்களின் புது வரவு நம் வரம்புக்குள் வராது. ஆனால் புதிய வரிசை வந்ததும் முந்தைய வரிசையின் விலை இறங்கும். ஐந்தாறு வருட அயர்னுக்கும் இந்த வருட அயர்னுக்கும் உள்ள வித்தியாசம், ஒரு நல்ல பயிற்றுநரிடம் நாலு வகுப்பு போனால் கிடைக்கும் வித்தியாசத்தைவிடக் குறைவு என்பது என் கருத்து. வில்சன், கிளீவ்லேண்ட், டூர் எட்ஜ் ஆகிய பெயர்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். சராசரி ஆட்டக்காரருக்கு ஏற்ற செட்டுகள் இவற்றில் உண்டு. இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் டெக்கத்லானின் இனெசிஸ் ரகத்தையும் பாருங்கள்.

இணையத்தில் நம்ப முடியாத விலையில் வரும் 'புத்தம் புது' செட்டுகளில் போலிகள் உண்டு. வரிசை எண், எழுத்தின் அழுத்தம், எடை எல்லாவற்றையும் பாருங்கள். விற்பவர் நேரில் காட்டத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது

• இப்போது இருக்கும் மட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரே எண்ணோடு ஒப்பிடாமல், சாய்வு ஒத்த மட்டையோடு ஒப்பிடுங்கள்.

• பத்துப் பந்து அடியுங்கள். ஆக நீண்ட அடியை மறந்துவிட்டு, சராசரியையும் ஆகக் குட்டையான மூன்று அடிகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

• காற்றில் கடந்த தூரம், இறங்கும் கோணம் இரண்டையும் கேளுங்கள்.

• பிட்சிங் வெட்ஜின் சாய்வு என்ன? அடுத்த வெட்ஜுக்கு எவ்வளவு இடைவெளி? அதை அடைக்க எவ்வளவு ஆகும்?

• தண்டின் எடையும் வளைவும் உங்கள் வேகத்துக்குப் பொருந்துகிறதா? நண்பருடைய வேகம் வேறு.

• கைப்பிடி, வெட்ஜ் எல்லாம் சேர்த்து மொத்த விலையைப் போட்டுப் பாருங்கள்.

ஆண் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7ஆம் எண்ணில் சராசரியாக 150 மீட்டருக்கு மேல் அடிக்கிறார்கள். அந்த எண்ணைத் துரத்தி நாம் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. எந்த எண்ணை எடுத்தாலும் பந்து எங்கே போய் விழும் என்று ஆடுபவருக்குத் தெரிந்திருந்தால் போதும். மாமா இப்போதும் நண்பர்களில் ஆகக் குறைந்த தூரம் அடிப்பவர்தான். ஆனால் 'இந்த வருசத்தோட போதும்' என்ற பேச்சு நின்றுவிட்டது. அடுத்த மாதத்துக்கான ஆட்ட நேரத்தை எனக்கும் சேர்த்து அவரே பதிவு செய்திருக்கிறார்.