கச்சானுக்கு அடைத்து, கடலுக்குத் திறந்த வீடு

உங்கள் முன் விரிவது இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கொட்டியாரக் குடா. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி இங்கேதான் கடலில் சேர்கிறது. நீருக்கடியிலும் ஒரு பெரும் பள்ளத்தாக்கு ஆழ்கடலை நோக்கித் தொடர்கிறது.

இந்தக் கரையில் விடுமுறைக்கு வந்து தங்க ஒரு சிறு வீடு கட்டுபவர் முதலில் பார்க்க வேண்டியது காற்றை; காட்சி பிறகு. மே முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து வறண்ட கச்சான் அடிக்கும். அந்தச் சுவரில் சிறிய யன்னல் போதும். வெளியே வேம்பு நிற்கட்டும். பிற்பகல் கடற்காற்றுக்கு விறாந்தை கிழக்கே. ஆனால் ஒக்டோபர் முதல் சனவரி வரை வாடை மழையும் அந்தப் பக்கத்தால்தான் சாய்ந்து அடிக்கும். இறவாரத்தைத் தாழ்த்தி, நீட்டி இறக்குங்கள்.

கூரைக்கு முற்றிய பனை மரம். அதன் கரிய வைரத்தில் கறையான் எளிதில் ஏறாது. ஊறவைத்துப் பின்னிய கிடுகு நல்ல குளிர்ச்சிதான்; ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். எப்போதாவது வந்து போகும் குடும்பத்துக்கு ஓடே தோது.

கடலோர மணலில் நன்னீர் உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. மோட்டார் போட்டு அள்ளி இறைத்தால் கிணறு உவர்க்கும். அயல் வீட்டுக் கிணறும் சேர்ந்து கெடும். கூரை மழையைப் பீலி வைத்துத் தாங்கியில் பிடியுங்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் வடக்கு, கிழக்குக் கரைகளில் முதலில் 200 மீற்றர் கட்டடத் தடை அறிவிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. சட்டம் எவ்வளவு விட்டாலும், அடம்பன் படர்ந்த மணல்மேட்டை வெட்டிச் சமன்செய்து கட்டாதீர்கள்.