மீன் தொட்டிக்கு ஹீட்டர் வேண்டுமா?

சங்கப் பணியின் பொருட்டு உறுப்பினர்களின் இல்லங்களுக்குச் செல்லுங்கால், தறிக்கு அருகே சிறு கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன்கள் நீந்தக் காண்கிறோம். மார்கழி பிறந்ததும், "நீரைச் சூடாக்க ஹீட்டர் வாங்கலாமா? எத்தனை வாட்?" என அன்பர்கள் வினவுகின்றனர். பெரிதாக வாங்குவதே நலம் என்று கருதி, ஒரே இரவில் மீன்கள் யாவற்றையும் இழந்த ஓர் இல்லத்தை நாம் அறிவோம். ஆதலின் இதனைச் சற்று விளக்குவோம்.

முதலில் தேவையை அறிதல் வேண்டும். ஏஞ்சல், கப்பி, பைட்டர் போன்ற மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏற்றது. தங்க மீனுக்கு ஹீட்டர் தேவையில்லை. தொட்டியில் வெப்பமானி ஒன்றை வைத்து, ஒரு வாரம் விடியற்காலையில் பாருங்கள். விருதுநகர், சாத்தூர், சிவகாசி ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதியில் நீர் போதிய வெப்பத்துடன் இருக்கும். மலையடிவார இராஜபாளையத்திலும் மார்கழி, தை இரவுகளில்தான் கவனம் தேவை. நீர் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிடின் ஹீட்டர் வீண் செலவே.

தேவைப்படின், 1 லிட்டருக்கு 1 வாட் என்பது பொதுக் கணக்கு. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 57 லிட்டர் கொள்ளும். மணலும் மேல் இடைவெளியும் போக, சுமார் 50 லிட்டர் நிற்கும். அதற்கு 50 வாட் போதும்.

குறித்த வெப்பம் வந்ததும் தானே அணையும் தெர்மோஸ்டாட் உள்ளதையே வாங்குக. அதுவும் பழுதாகி, அணையாமல் நின்றுவிடுவதுண்டு. அப்போது 200 வாட் ஹீட்டர் இந்நீரை மணிக்குச் சுமார் 3 டிகிரி உயர்த்தும். விடிவதற்குள் மீன்கள் மடியும். நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்துள்ள பிராண வாயுவும் குறையும். 50 வாட் ஹீட்டரோ மணிக்கு 1 டிகிரியும் உயர்த்தாது. காலையில் கண்டு அணைக்க அவகாசம் இருக்கும். நாம் கூறிய இல்லத்தில் நேர்ந்தது இதுவே.

தொட்டியில் கையிடுமுன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் எடுத்துவிடுக. ஹீட்டர் ஆறிய பின்னரே நீரை இறைக்கவும். சூடான கண்ணாடிக் குழாய் நீருக்கு வெளியே வந்தால் வெடிக்கக்கூடும். இரவில் தொட்டியை மூடி வைத்தால் வெப்பம் நிற்கும், மின்சாரமும் மிஞ்சும்.

கணக்குப் பாராமல் பாவுக்கு நூல் வாங்கும் நெசவாளர் எவருமிலர். ஹீட்டருக்கும் அக்கணக்கே வேண்டும்.