134: நிருபமா வைத்தியநாதனைப் பற்றிச் சில குறிப்புகள்

போன மாதம் குடும்பத்தோடு அய்யனார் கோவில் போயிருந்தோம். ராஜபாளையத்திலிருந்து முடங்கியாறு ரோட்டில் மேற்கே போனால் மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனார். ஆற்றில் தண்ணீர் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. குளித்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடும்போது அக்கா மகளின் டென்னிஸ் பற்றிப் பேச்சு வந்தது. மூன்று வருடமாக விளையாடுகிறாள். மச்சானுக்கு ஒரே கவலை, இது எங்கே போய் முடியும் என்று. நான் பெரிய மேதாவி மாதிரி, "நம்ம கோயம்புத்தூர்ப் பொண்ணு நிருபமா ஆஸ்திரேலியன் ஓபன்லயே ஜெயிச்சிருக்காங்க மச்சான்" என்றேன். அவர் போனை எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உலக ரேங்க் 134ன்னு போட்டிருக்கே மாப்ள, அவ்வளவுதானா?"

அந்த "அவ்வளவுதானா"வுக்கு எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்திய டென்னிஸில் இரண்டு நிருபமாக்கள் உண்டு. மூத்தவர் நிருபமா மன்கட், கிரிக்கெட் வீரர் அசோக் மன்கட்டின் மனைவி. 1971-ல் ஆனந்த் அமிர்தராஜோடு சேர்ந்து விம்பிள்டன் கலப்பு இரட்டையரில் ஆடியவர். நான் சொல்வது இளையவரை. 1976-ல் கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன், திருமணத்துக்குப் பின் நிருபமா சஞ்சீவ். அப்பா கே.எஸ். வைத்தியநாதன் ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டுக்காக ஆடிய கிரிக்கெட்காரர். பெண்ணுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுத்தது அவர்தான். பதின்ம வயதிலேயே தேசிய மகளிர் பட்டம் வந்துவிட்டது. 1998 ஆஸ்திரேலியன் ஓபன் ஒற்றையர் முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியைத் தோற்கடித்தார். ஓபன் காலத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் ஒரு ஆட்டம் ஜெயித்த முதல் இந்தியப் பெண் என்பது அப்படி வந்த பெயர்.

"ஓபன் காலத்தில்" என்ற சொல்லைப் பல பேர் விட்டுவிட்டு எழுதுகிறார்கள். விடக்கூடாது. 1968-க்கு முன்னால் கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் அமெச்சூர்கள் மட்டும்தான் ஆட முடியும். அந்த வருடம்தான் காசு வாங்கி ஆடுகிறவர்களுக்கும் கதவு திறந்தது. அதற்கு வெகு முன்பே, 1934-ல், லீலா ராவ் என்ற இந்தியப் பெண் விம்பிள்டனில் ஒரு ஆட்டம் ஜெயித்திருக்கிறார். (அவருடைய அம்மா க்ஷமா ராவ் சமஸ்கிருதக் கவிஞர், அவரும் டென்னிஸ் ஆடியவர். இது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) லீலா ராவைச் சொல்வதால் நிருபமாவின் கணக்கு குறைந்துவிடாது. 1934-ல் எதிரே நின்றவரும் அமெச்சூர். 1998-ல் எதிரே நின்றவருக்கு இதுதான் பிழைப்பு.

சரி, 134-க்கு வருவோம். 1997-ல் அவர் தொட்ட உச்சம் அது. கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் 128 பேருக்கு இடம். ஆனால் ரேங்கை வைத்து நேராக உள்ளே போகிறவர்கள் 128 பேர் கிடையாது. இன்றைய கணக்கில் 104 பேர். எட்டு இடம் போட்டி நடத்துகிறவர்கள் விருப்பப்படி கொடுப்பது. மீதி 16 இடத்துக்குத் தகுதிச் சுற்று. அதில் வரிசையாக மூன்று ஆட்டம் ஜெயித்தால்தான் "முதல் சுற்று" என்றே ஆரம்பிக்கும். ஆக 134 என்பது கதவுக்கு வெளியே, ஆனால் கதவைத் தட்டும் தூரத்தில் நிற்கும் இடம். உலகம் முழுக்க ரேங்க் பட்டியலில் ஆயிரம் பெண்களுக்கு மேல் இருக்கிறார்கள் என்பதையும் மச்சானுக்குச் சொன்னேன். நம்ம ஊர்ப் பையன் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் 134-வது ரேங்க் வாங்கினால் தெருவில் பேனர் கட்டிவிடுவோம்.

இன்னொரு விஷயம், இந்த எண் நிலையாக நிற்காது. எங்கள் தொழிலில் "நகரும் சாளரம்" என்போம். கடைசி 52 வாரப் புள்ளிகள் மட்டும் கணக்கில் இருக்கும். புதியது உள்ளே வர வர, பழையது வெளியே விழும். போன மார்ச்சில் ஜெயித்த புள்ளி இந்த மார்ச்சில் காணாமல் போகும். அதே இடத்தில் நிற்பதற்கே மறுபடி ஜெயிக்க வேண்டும். கால் பிசகி மூன்று மாதம் உட்கார்ந்தால் தானாகவே கீழே இறங்கும். பாஸான சர்டிபிகேட் மாதிரி பீரோவில் வைத்துப் பூட்ட முடியாது.

அந்தப் புள்ளிகளைச் சேர்க்கும் இடம் டி.வி.யில் வரும் போட்டிகள் இல்லை. அப்போது 10,000 டாலர், 25,000 டாலர் என்று பெயர் போட்டிருந்த சின்னப் போட்டிகள். 10,000 டாலர் என்றால் ஜெயித்தவருக்கு அவ்வளவு என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. அது எல்லோருக்கும் சேர்த்துப் பிரிக்கிற தொகை. பட்டம் வென்றவருக்கே ஆறில் ஒரு பங்கு போலத்தான். முதல் சுற்றில் தோற்றால் வருகிற காசு ஒரு நாள் ரூம் வாடகைக்கே இழுபறி. 1997-ல் டாலர் சுமார் 36 ரூபாய். இப்படிப்பட்ட போட்டிகள் அதிகம் நடந்தது ஐரோப்பாவில். அங்கேயே இருந்தால் ரயிலில் அடுத்த ஊருக்குப் போய் அடுத்த வாரம் ஆடலாம். கோயம்புத்தூரிலிருந்து ஒவ்வொரு தடவையும் விமானம் ஏற முடியுமா? அதனால் இளம் வயதிலேயே தனியாக ஐரோப்பா போய் லக்சம்பர்க்கில் தங்கி ஆடினார். பயிற்சியாளரைக் கூடவே கூட்டிக்கொண்டு சுற்றுவதற்கு வசதி கிடையாது. 134-க்குப் பின்னால் இருப்பது இந்த ரயில்களும் இந்த ரூம் வாடகைகளும்தான். ஆட்டத்தை விட இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியோடு கலப்பு இரட்டையர் வெண்கலம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்ஹோத்ராவோடு இரட்டையர், முதல் சுற்றிலேயே தோல்வி. பிறகு திருமணம், கலிபோர்னியா, அங்கே பிள்ளைகளுக்கு டென்னிஸ் பயிற்சி. ஒரு குழந்தைக்குத் தாயான பிறகு, 33 வயதில், 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் மறுபடி இந்தியாவுக்காக ஆடினார். தன் கதையை 'தி மூன்பாலர்' என்று புத்தகமாகவும் எழுதியிருக்கிறார். மூன்பால் என்றால் நிலாவைத் தொடுகிற மாதிரி உயரத் தூக்கி அடிக்கிற பந்து. வேகமாக அடிக்கிறவர்களுக்கு அது எரிச்சல். பந்து இறங்கும் வரை காத்திருக்க வேண்டும், காத்திருந்தால் அவசரம் வரும், அவசரத்தில் தப்பு வரும். தன்னையே அந்தப் பெயரில் அழைத்துக்கொள்ள ஒரு துணிச்சல் வேண்டும். ஏனென்றால் டென்னிஸ்காரர்கள் அதை நல்ல அர்த்தத்தில் சொல்வது குறைவு.

2005-ல் சானியா மிர்சா அதே ஆஸ்திரேலியன் ஓபனில் மூன்றாம் சுற்று வரை போய் செரீனா வில்லியம்ஸிடம் தோற்றார். அதை நாடே பார்த்தது. 1998 ஆட்டத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரில் படித்த ஞாபகம் கூட இல்லை.

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை மச்சானிடம் சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டார். அக்கா மகள்தான் குறுக்கே, "மாமா, அவங்க அப்பாதான் கோச்சா? அப்ப எங்கப்பா?" என்றாள். மச்சான் சிரித்துவிட்டு, "சரி, ஒரு வருஷத்துக்கு என்ன ஆகும்னு எழுது மாப்ள" என்று நோட்டை நீட்டினார். பெரிய போட்டிகளில் முதல் 7 கேம், அதற்கப்புறம் ஒவ்வொரு 9 கேமுக்கும் பந்தை மாற்றிவிடுவார்கள்; இவள் ஒரே டப்பாவை இரண்டு வாரம் ஓட்டுகிறாள். எனவே முதல் வரியில் "பந்து" என்று எழுதினேன். இரண்டாவது வரி, மதுரைக்கு பஸ்.