வீட்டை அழகாக்க 1.8 லட்சமா, 16,400 ரூபாயா? எங்க வீட்டுக் கணக்கு

போன மாசம் வீடியோவுல எமர்ஜென்சி ஃபண்ட் பத்திப் பேசினேன் இல்லையா? "வீட்டை ரிப்பேர் பண்ண அதுல கை வெக்கலாமா சார்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இதே கேள்வி எங்க வீட்டுலயும் வந்தது. அதனால சொந்தக் கணக்கையே திறந்து காட்டிடறேன்.

திருச்சியில அம்மா இருக்கற வீடு 25 வருஷம் பழசு. ஹாலைப் புதுசா மாத்தித் தர ஒரு இன்டீரியர்காரர் 1,80,000 ரூபாய் கொட்டேஷன் கொடுத்தார். "இஎம்ஐ-ல போட்டுக்கலாம் சார், மாசம் 6,000 சொச்சம்தான்" என்றார். 14% வட்டி, 36 மாசம்னு கணக்குப் போட்டுப் பாருங்க. மாசத் தவணை சுமார் 6,150. மொத்தமாகக் கட்டுவது 2,21,000-க்கு மேல். வட்டி மட்டும் 41,000 தாண்டுது! கடன் வேண்டாம்னா இருக்கற ஒரே வழி, அம்மாவோட மருத்துவச் செலவுக்குன்னு ஒதுக்கி வெச்சிருந்த 2 லட்சம். அதைத் தொட எனக்கு மனசு வரலை.

அப்போ தம்பி சொன்னான்: "நாலு ஞாயித்துக்கிழமை கொடு, நாமளே செய்யலாம்." செஞ்சோம். செலவு இதுதான்:

- அப்பாவோட தேக்கு மேசை, 2 நாற்காலி புதுப்பிச்சது: 2,350
- ஹால் பெயின்ட்: 4,600
- மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு: 1,400
- பால்கனியில 8 செடி: 1,850
- எல்இடி விளக்கு, திரைச்சீலை: 3,200
- நான் செஞ்ச தப்புக்குக் கட்டின ஃபீஸ்: 3,000

மொத்தம் 16,400 ரூபாய். கடைசி வரியை மறைச்சிருந்தா 13,400-னு பெருமையாச் சொல்லியிருக்கலாம். ஆனா கணக்குன்னா முழுசாத்தான் எழுதணும்.

முதல்ல அந்தத் தப்பைச் சொல்லிடறேன்

பெட்ரூம் சுவர்ல ஈரக்கறை இருந்தது. அதைச் சுரண்டிட்டு, பட்டி வெச்சு, பெயின்ட் அடிச்சேன். மூணே மாசத்துல உப்பு பூத்து, பெயின்ட் அப்பளம் மாதிரி உரிஞ்சு வந்துடுச்சு. காரணம், பின்பக்கம் பாத்ரூம் பைப்ல இருந்த கசிவு. முதல்ல கசிவை நிறுத்தணும், சுவர் நல்லா காயணும், அப்புறம்தான் பெயின்ட். இந்த வரிசை மாறினா போடற காசு சுவரோட போயிடும்.

மேசை

பழைய சாமான்காரர் 800 ரூபாய்க்குக் கேட்டார். அப்பா அதுல உட்கார்ந்துதான் எங்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தார். அம்மாவுக்கு அதைக் கொடுக்க இஷ்டமில்லை, ஆனா வாய்விட்டுச் சொல்லலை.

செய்முறை சுலபம். சோப்புத் தண்ணியால துடைச்சு, நல்லா காய விடுங்க. 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220. மர ரேகை ஓடற திசையிலதான் தேய்க்கணும். குறுக்கே தேய்ச்சா கீறல் வார்னிஷுக்கு அடியிலயும் தெரியும். ஓட்டைகளை மரத்தூளும் மரப்பசையும் கலந்து அடைங்க. தூசியைத் துடைச்சுட்டு வார்னிஷ் ரெண்டு கோட். ரெண்டுக்கும் நடுவுல ஒரு ராத்திரி காயணும், 320 நம்பர் தாள்ல லேசா ஒரு தேய்ப்பு. அவ்வளவுதான்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஏற்கெனவே பெயின்ட் அடிச்ச பழைய கட்டில், ஜன்னல் கம்பியை உலர்ந்த நிலையில தேய்க்காதீங்க. வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுங்கற விதி 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்தது. அதுக்கு முந்தின பெயின்ட்ல ஈயம் அதிகமா இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆபத்து. ஈரப்படுத்தித் தேய்ங்க, மாஸ்க் போடுங்க, குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீங்க.

பெயின்ட் எவ்வளவு வாங்கறது?

10-க்கு 12 அறை, 10 அடி உயரம்னா: சுற்றளவு 44 அடி, 10-ஆல பெருக்கினா 440 சதுர அடி. கதவு, ஜன்னல் கழிச்சா சுமார் 400. ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 100 சதுர அடின்னு வெச்சா 4 லிட்டர் போதும். டப்பாவுல போட்டிருக்கற அளவையும் பாத்துக்கோங்க. கடைக்காரர் "10 லிட்டரா வாங்கினா லாபம்" என்பார். மீதி பரண்ல காய்ஞ்சு கெட்டியானா அது எப்படி லாபம்?

மாடியும் பால்கனியும்

மாடியில சுண்ணாம்புக் கரைசலோட பசை கலந்து ரெண்டு கோட் அடிச்சோம். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பும். மதியத்துல ஹால் ஃபேன் காத்து அனலா வீசறது குறைஞ்சதுன்னு அம்மாவே சொன்னாங்க. சுட்ட சுண்ணாம்புல தண்ணி ஊத்தினா கொதிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம்.

செடிக்குச் செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் சம பங்கு. பைகளைச் செங்கல் மேல வெச்சா தளத்துல ஈரம் தங்காது. தோட்டக்கலைத் துறையில மாடித்தோட்டக் கிட் மானிய விலையில கிடைக்குமான்னு விசாரிங்க.

கைவைக்கக் கூடாதவை

வயரிங், தூண்ல விரிசல், கம்பி தெரியற கூரை. இதுல மிச்சம் பிடிக்காதீங்க, ஆள் வெச்சே செய்ங்க. ரெண்டு நாள் வேலைக்கு டிரில் மெஷின் வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க. வாடகை வீடுன்னா ஓனர் சம்மதத்தை வாட்ஸ்அப்ல எழுத்தா வாங்கிட்டு, முன்னாடி எப்படி இருந்ததுன்னு போட்டோ எடுத்துட்டு ஆரம்பிங்க. அட்வான்ஸ்ல பிடிக்கும்போது அதுதான் உதவும்.

வரிக்கணக்கு

- வாடகைக்கு விட்ட வீட்டுல, வீட்டு வரி போக மீதி வாடகையில 30% கழிவு தானா கிடைக்கும். பெயின்ட் பில்லைத் தனியா காட்ட முடியாது.
- குடியிருக்கற வீட்டை ரிப்பேர் பண்ணக் கடன் வாங்கினா, பழைய வரி முறையில வருஷத்துக்கு 30,000 வரைதான் வட்டிக் கழிவு. புது முறையில அதுவும் இல்லை.
- பெயின்ட், பாலிஷ் எல்லாம் பராமரிப்புச் செலவு. கூடுதல் அறை கட்டினா அது மேம்பாட்டுச் செலவு. வீட்டை விக்கும்போது மூலதன ஆதாயத்துல கழிக்கலாம். அந்த பில்லைப் பத்திரமா வெச்சுக்கோங்க.

எல்லாம் முடிஞ்ச அடுத்த மாசமே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். 46,000 ரூபாய் ஆச்சு. அந்த 2 லட்சம் அப்படியே இருந்ததால, யார்கிட்டயும் கேக்காம கட்டினோம். இப்போ அம்மா காலையில பேப்பர் படிக்கறது அப்பாவோட மேசையிலதான்.

உங்க வீட்டுல எந்த மூலையிலேருந்து ஆரம்பிக்கப் போறீங்க? வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல பட்ஜெட் எழுதுங்க, கூடவே 20% தப்புக்குன்னு ஒதுக்குங்க. என் அனுபவத்துல அது கண்டிப்பா தேவைப்படும்!