பின்னால் அழும் காடி: பட்டறைக்குப் போகுமுன் பார்க்க வேண்டியவை

மண் சடக்கை விட்டுத் தார்ச் சடக்கில் ஏறி, அறுபது கிலோமீட்டர் வேகம் பிடித்ததும் பின் இருக்கைக்குக் கீழிருந்து "ஙொய்ய்ங்" என்று ஒரு சத்தம் வருகிறதா? "பழைய காடிதானே, அப்படித்தான் கத்தும்" என்று ரேடியோவைக் கூட்டிவிட்டுப் போகிறவர்கள் நம்மில் பலர். பட்டறைக்குப் போனாலோ, "டிஃபரென்ஷியல் போச்சுண்ணே, மாத்தணும்" என்று ஒரே பேச்சு. பாதி மாதச் சம்பளம் அதிலேயே போய்விடும். அதற்குமுன் நாமே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு.

முதலில் உங்கள் காடி எந்த வகை என்று பாருங்கள். 1970-களில் வந்த டட்சன் 120ஒய், டொயோட்டா கொரோலா, பிறகு வந்த நிசான் வேனட் ஆகியவற்றில் எஞ்சினின் விசை நீண்ட தண்டு வழியாகப் பின் சக்கரங்களுக்குப் போகிறது. பின் அச்சின் நடுவே பானைபோலப் புடைத்திருப்பதுதான் டிஃபரென்ஷியல். 1985-இல் வந்த புரோட்டோன் சாகாவும் 1994-இல் வந்த கஞ்சிலும் முன் சக்கர ஓட்டம் கொண்டவை. அவற்றின் பின்னால் டிஃபரென்ஷியலே கிடையாது. அங்கே சத்தம் வந்தால் சக்கர பேரிங்கையோ டயரையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இனி சோதனை. வண்டியில் பிள்ளைகள் இல்லாத நேரம், ஆளில்லாத நேர் சடக்காகப் பார்த்துச் செய்யுங்கள்.

எண்ணெய் மிதித்தால் அழுது, காலை எடுத்தால் சத்தம் மாறுகிறதா? அல்லது காலை எடுக்கும்போது மட்டும் அழுகிறதா? அப்படியானால் டிஃபரென்ஷியலின் பல்சக்கரமோ பினியன் பேரிங்கோ தேய்ந்திருக்கலாம்.

எண்ணெய் மிதித்தாலும் விட்டாலும் ஒரே சத்தம். ஸ்டியரிங்கை மெதுவாக இடப்பக்கம் திருப்பினால் கூடுகிறது, வலப்பக்கம் திருப்பினால் குறைகிறது என்றால் பெரும்பாலும் வலது சக்கர பேரிங். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்தில்தானே விழும்!

சடக்கு மாறும்போது சத்தமும் மாறினால் டயரைத் தடவிப் பாருங்கள். ரம்பப் பல்போல மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால், கள்ளன் அங்கேதான் இருக்கிறான்.

டிஃபரென்ஷியல்தான் என்று தெரிந்தாலும் உடனே மாற்றச் சம்மதிக்க வேண்டாம். முதலில் எண்ணெயைப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் இருக்கும் மூடியைத் திறந்தால், எண்ணெய் துளையின் கீழ் விளிம்புவரை நிற்க வேண்டும். பழைய சிறிய கார்களுக்கு ஒரு லிட்டர் அளவே பிடிக்கும். பெரும்பாலானவற்றுக்கு ஜிஎல்-5 தரத்து 90 கியர் எண்ணெய். எஞ்சின் எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். நாம் பழைய எண்ணெயை வடிப்பதானால், ஊற்றும் மூடி கழல்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் மூடியைத் தொட வேண்டும். வடித்துவிட்டு ஊற்ற முடியாமல் நின்றால் வண்டி நகராது.

எண்ணெய் பால் காப்பிபோல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழைக்காலத்தில் வெள்ளத்தில் இறங்கி ஏறும் நம் தோட்டத்து வண்டிகளுக்கு இது நேரக்கூடியதே. சூடான அச்சு திடீரென்று குளிர்ந்தால் காற்றுத்துளை வழியே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரும்புத் துண்டுகள் கிடந்தால் பல் உடைந்திருக்கிறது; அதற்குமேல் ஓட்டக்கூடாது. பெரிய பல்சக்கரமும் பினியனும் ஜோடியாகப் பொருத்தப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடியும் அழும்.

சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் ஈரம் தெரிந்தால் அலட்சியம் வேண்டவே வேண்டாம். அச்சின் சீல் போய், எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் இறங்கினால் பிரேக் பிடிக்காது. பேரிங் முற்றிலும் கெட்டால் ஓட்டத்திலேயே சக்கரம் இறுகிவிடவும் கூடும். தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வேன்காரர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஜேக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான தாங்கியும் வையுங்கள்.

எந்த வேகத்தில், மிதிக்கும்போதா விடும்போதா, எந்தப் பக்கம் திருப்பும்போது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். கேள்வி கேட்கத் தெரிந்தவரிடம் யாரும் சட்டென்று பெரிய பில்லை நீட்ட மாட்டார்கள்.