பாலும் ஷீட்டும்

உங்கள் பிள்ளை, கீரைப் பாத்திக்குத் தானாகத் தண்ணீர் விடும் சிறு கருவி ஒன்றைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். அதன் மூளை, பாதி விரல் நீளமே உள்ள ஒரு சில்லு. ஆர்டுவினோ ஊனோ ஆர்3 பலகையிலுள்ள ஏடிமெகா328பி அப்படிப்பட்டது. மண் எவ்வளவு காய்ந்தால் தண்ணீர் விடுவது என்பதைப் பிள்ளை ‘சி’ மொழியில் எழுதுகிறது. சில்லுக்கோ எண்கள் மட்டுமே புரியும். ஆகவே, கணினியிலுள்ள கம்பைலர் அதை மொழிபெயர்க்கிறது. இந்தச் சில்லுக்குரிய கம்பைலர் ஏவிஆர் ஜிசிசி.

வேலை முடிந்ததும் கணினியில் பல கோப்புகள் கிடக்கும். எது எதற்கு?

பெயரின் முடிவில் ‘சி’ என்றிருப்பது பிள்ளை எழுதிய மூலம். ‘ஓ’ என்பது பாதி முடிந்த வேலை. கட்டளைகள் எண்களாகிவிட்டன, ஆனால் அவை சில்லில் எங்கே அமரும் என்பது முடிவாகவில்லை. அவற்றை இணைத்து இடம் குறித்தால் ‘எல்ஃப்’ கோப்பு. அதிலிருந்து சில்லில் ஏற்ற வேண்டியதை மட்டும் எடுத்தால் ‘ஹெக்ஸ்’ கோப்பு.

ஹெக்ஸில் ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியில் தொடங்கி, சரிபார்ப்பு எண்ணில் முடியும். வரியிலுள்ள எண்களை இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்துக் கூட்டினால் 256ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். கடைசி வரியைப் பாருங்கள்: 00 00 00 01 எஃப்எஃப். எஃப்எஃப் என்றால் 255. ஒன்றைக் கூட்டினால் 256. கணக்குச் சரி! சரிவராவிட்டால் அந்த வரி கெட்டுவிட்டது என்று பொருள்.

அளவையும் பார்க்க வேண்டும். நிரலை வைக்க 32,768 பைட்டு இடமுண்டு. ஓடும்போது மாறும் கணக்குகளுக்கோ 2,048 பைட்டுதான். இந்தச் சின்ன இடம் நிரம்பினால், பிழையில்லாமல் மொழிபெயர்த்த நிரலும் நடுவழியில் தடுமாறும்.

இப்போது முக்கியமான சேதி. மழைக்காலம் வந்து, தண்ணீர் விடும் அளவை மாற்ற வேண்டும். கையில் ஹெக்ஸ் மட்டும் இருந்தால்? பாலில் அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் அழுத்தி, புகைபோட்ட ஷீட்டை மீண்டும் பாலாக்க முடியுமா? ஹெக்ஸும் அப்படித்தான். தேர்ந்தவர்கள் அதிலுள்ள கட்டளைகளைப் பிரித்துப் படிக்கலாம். பிள்ளை வைத்த பெயர்களும் எழுதிய குறிப்புகளும் திரும்பி வரமாட்டா.

ஆகவே, சில்லில் ஏற்றிய அன்றே ‘சி’ கோப்பை வேறோர் இடத்திலும் நகலெடுத்து வைக்கச் சொல்லுங்கள். உழைப்பு இருப்பது அதில்தான்.