சூளையில் வெந்த கல், குளிரில் ஏன் பிளக்கிறது?

கனடாவின் டொரோண்டோ நகரில் ஒரு ஜனவரி மாத மாலை. வெளியே வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 15 டிகிரி செல்சியஸ். வீட்டுக் கொல்லையில் முட்டை வடிவப் பீங்கான் அடுப்பை மூட்டி இறைச்சி வாட்டிக்கொண்டிருக்கிறார் ஒருவர். கரி நன்றாகக் கனன்று, அடுப்பின் உள்ளே வெப்பம் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது. அடுத்து பீட்சா சுட வேண்டும். இரவெல்லாம் வெளியே கிடந்த பீட்சா கல்லை எடுத்து, மேலே படிந்த பனியைத் தட்டிவிட்டு உள்ளே வைக்கிறார். சில நிமிடங்களில் ‘டப்’பென்று ஒரு சத்தம். கல் இரண்டாகக் கிடக்கிறது.

மட்டமான கல்லைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரைத் திட்டத் தோன்றும். ஆனால், அது சூளையில் 1,000 டிகிரிக்கும் அதிகமான வெப்பத்தில் வெந்து வந்த கல். அதற்கு 300 டிகிரி பெரிய சூடே அல்ல. பிறகு ஏன் உடைந்தது?

முட்டை அடுப்பின் கதை

இவ்வகை அடுப்புக்கு ‘கமாடோ’ என்று பெயர். ஜப்பானியரின் பழைய சமையல் அடுப்பின் பெயர் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் பணியாற்றிய அமெரிக்க வீரர்கள் இதன் சுவையில் மயங்கி ஊருக்குக் கொண்டு சென்றனர். 1974ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் தொடங்கிய ‘பிக் கிரீன் எக்’ நிறுவனம் இதனை அமெரிக்கா முழுவதும் பரப்பியது.

தடித்த செராமிக் சுவர் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. அதனால் கடுங்குளிரிலும் அடுப்பின் உள்ளே சூடு நிலைத்து நிற்கும். பெரும்பாலும் சிக்கல் வருவது அதனுடன் பயன்படுத்தும் துணைப் பொருள்களில்தான். பீட்சா கல்லும், தணலுக்கும் உணவுக்கும் நடுவே வைக்கும் வெப்பத் தடுப்புத் தட்டும் அவற்றில் முக்கியமானவை.

ஒரே கல்லுக்குள் இழுபறி

சூடானால் பொருள் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். இது நாம் பள்ளியில் படித்ததுதான். கல் முழுவதும் ஒரே சீராகச் சூடானால் முழுவதும் ஒரே அளவில் விரியும், சிக்கல் இல்லை. ஆனால், செராமிக்கில் வெப்பம் மெதுவாகவே பரவும். தணலைப் பார்க்கும் அடிப்பகுதி சூடேறி விரியத் துடிக்கும்போது, மேற்பகுதி இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. அடிப்பகுதி விரிய விரிய, குளிர்ந்த பகுதி இழுபடுகிறது.

செராமிக்கின் பலவீனம் இங்கேதான். எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், இழுத்தால் தாங்காது. இரும்பாக இருந்தால் சற்று வளைந்து கொடுக்கும். செராமிக் வளையாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு கீறல் போதும், அங்கிருந்து விரிசல் ஓடிவிடும். இதனை ‘வெப்ப அதிர்ச்சி’ என்கிறார்கள்.

இதன் தலைகீழ் நிலை இன்னும் ஆபத்தானது. சூடான கல்லின் மேல் குளிர்ந்த நீர் பட்டால் மேற்பரப்பு மட்டும் சட்டெனச் சுருங்கும். கீறல்கள் அதிகம் இருக்கும் இடமும் மேற்பரப்புதான்.

ரயில் விளக்கு கற்றுத் தந்த பாடம்

இந்தச் சிக்கல் ஒரு காலத்தில் ரயில் பயணிகளின் உயிரோடு விளையாடியது. ரயில் சமிக்ஞை விளக்குகளின் கண்ணாடி, உள்ளே எரியும் சுடரால் சூடாகியிருக்கும். அதன்மீது மழையோ பனியோ விழுந்தால் வெடித்துவிடும். விளக்கு அணைந்தால் ஓட்டுநருக்குச் சமிக்ஞை தெரியாது.

இதற்குத் தீர்வாக அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம், வெப்பத்தில் மிகக் குறைவாகவே விரியும் கண்ணாடியை உருவாக்கியது. 1913ஆம் ஆண்டு அங்கு பணியாற்றிய விஞ்ஞானி ஜெஸ்ஸி லிட்டில்டன், அத்தகைய கண்ணாடியால் ஆன மின்கல ஜாடி ஒன்றின் அடிப்பகுதியை வெட்டி வீட்டிற்கு எடுத்துச் சென்றார். அவருடைய மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டார். கண்ணாடி உடையவில்லை. இரண்டே ஆண்டுகளில் ‘பைரெக்ஸ்’ பாத்திரம் கடைக்கு வந்தது.

நல்ல பீட்சா கற்களுக்கும் இதே உத்திதான். ‘கார்டியரைட்’ என்ற செராமிக் மிகக் குறைவாகவே விரியும். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள அலுமினா வகை செராமிக் தட்டு 300 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் விரியும். கார்டியரைட் என்றால் கால் மில்லிமீட்டர் அளவுதான். உங்கள் காரின் புகைபோக்கியில் நச்சுப் புகையைச் சுத்திகரிக்கும் தேன்கூடு போன்ற பகுதியும் பெரும்பாலும் கார்டியரைட்டால் ஆனதே.

குளிரைவிட ஈரமே பெரிய எதிரி

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கோலாலம்பூரில் 30 டிகிரியில் இருக்கும் கல், 300 டிகிரிக்கு ஏற 270 டிகிரி கடக்க வேண்டும். டொரோண்டோவின் கல் 315 டிகிரி கடக்க வேண்டும். வேறுபாடு 45 டிகிரிதான். அப்படியானால் குளிர்நாட்டுக் கல்லுக்கு மட்டும் ஏன் அதிகத் தொல்லை?

காரணம் நீர். பூச்சு இல்லாத செராமிக்கில் நுண்ணிய துளைகள் ஏராளம். மழையும் உருகிய பனியும் அதில் ஊறும். நீர் உறைந்து பனிக்கட்டி ஆகும்போது சுமார் 9 விழுக்காடு பெருக்கும். ஒவ்வொரு முறை உறைந்து உருகும்போதும் கீறல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அகலும். அந்தக் கல்லைத் தணலில் வைத்தால், உள்ளே சிக்கிய நீர் ஆவியாகி 1,600 மடங்குக்கும் மேல் பெருகப் பார்க்கும். வெளியேற வழியில்லாவிட்டால் கல்லைப் பிளந்துகொண்டுதான் வரும்.

செய்ய வேண்டியவை

• கல்லையும் தட்டையும் வீட்டிற்குள் உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

• நனைந்துவிட்டால் முதலில் நன்கு காயவிட்டு, பிறகு குறைந்த சூட்டில் நீண்ட நேரம் உலர்த்துங்கள்.

• அடுப்பு சூடேறிய பிறகு கல்லை வைக்காதீர்கள். இளஞ்சூட்டிலேயே வைத்து, இரண்டும் சேர்ந்து மெல்லச் சூடேறட்டும்.

• உறைந்த பீட்சாவைச் சூடான கல்லில் வைக்காதீர்கள். சூடான கல்லைக் கழுவுவதும் பனியில் வைப்பதும் கூடாது. அடுப்பின் காற்றுவழிகளை மூடி, உள்ளேயே ஆறவிடுங்கள்.

• ஈரம் உறைந்து மூடி ஒட்டிக்கொண்டால் கொதிநீரை ஊற்றாதீர்கள். அதுவும் வெப்ப அதிர்ச்சியே.

• சூடான அடுப்பின் மூடியைச் சட்டெனத் திறக்காதீர்கள். திடீரெனப் புகும் காற்றால் தீ முகத்தில் பாயலாம். முதலில் சிறிது மட்டும் திறந்து, சற்றுப் பொறுத்து முழுவதும் திறக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பை வீட்டிற்குள்ளோ கார் நிறுத்தும் அறைக்குள்ளோ கொண்டுபோகவே கூடாது. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளியாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான ஈர்ப்புடன் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். கல் உடைந்தால் வேறு கல் வாங்கலாம். பனிநாடுகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை மறக்காமல் சொல்லுங்கள்.

நம் ஊரில் பனி இல்லை. ஆனால், ஐஸ் பெட்டியும் மாலை நேர மழையும் உண்டு. அடுப்பிலிருந்து இறக்கிய மண்சட்டியை ஈரமான மேடையில் வைக்கும் முன், ஒரு மரப்பலகையையோ காய்ந்த துணியையோ கீழே போடுங்கள். சட்டி இன்னும் பல நாள் உழைக்கும்.